முனைவர் பட்ட ஆய்வுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத் துறையின் ஆய்வறைக்குள் ஏதேனும் ஒரு பிற்பகலில் நுழைந்தால், ஒரே நெறியாளரிடம் பதிவு செய்து, ஒரே ஆய்வகத்தையோ நூலகத்தையோ பயன்படுத்தி, ஏறத்தாழ ஒரே அளவு உழைத்துக்கொண்டிருக்கும் நான்கைந்து ஆய்வாளர்களைக் காணலாம். அவர்களுள் ஒருவருக்கு மாதம் 37,000 ரூபாயும் அதன் மேல் வீட்டு வாடகைப்படியும் வருகிறது. இன்னொருவர் நெறியாளர் பெற்ற ஆய்வுத் திட்டத்தில் பணியாளராக இருப்பதால், அத்திட்டம் முடியும் நாள்வரை அவருக்குச் சம்பளம் உண்டு. மூன்றாமவருக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது. நான்காமவருக்கு எதுவும் இல்லை. அவர்தான் பருவந்தோறும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார். நால்வரின் ஆய்வேடுகளும் ஒரே விதிகளின்படி மதிப்பிடப்படும். நால்வருக்கும் ஒரே பட்டம்தான் வழங்கப்படும்.

இந்த ஏற்றத்தாழ்வு எவரோ திட்டமிட்டுச் செய்ததன்று. இந்தியாவில் முனைவர் பட்டச் சேர்க்கையும் ஆய்வு உதவித்தொகையும் இரண்டு தனித்தனி வாசல்களாக அமைந்துவிட்டதன் விளைவு அது. ஒரு பல்கலைக்கழகம் ஒருவரை முழுநேர ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளும்போது, அடுத்த ஐந்தாண்டுகள் அவர் எதைக் கொண்டு வாழ்வார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அது கடமைப்பட்டதில்லை. அந்தப் பதிலை ஆய்வாளரே தேர்வெழுதியோ, சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இணைத்து விண்ணப்பித்தோ, நெறியாளரின் தயவிலோ தேடிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்கான சேர்க்கைக் கடிதத்திலேயே கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் எழுதப்பட்டிருப்பது வழக்கம். நெதர்லாந்தில் பெரும்பாலான முனைவர் ஆய்வாளர்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர்களாகவே கருதப்பட்டு ஊதியம் பெறுகிறார்கள். இந்தியாவில் இந்த முறைக்கு ஓரளவு நெருங்கி வருபவை ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அவை போன்ற சில மத்திய நிறுவனங்களும் மட்டுமே.

பெரும்பாலோர் நாடும் வாசல் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு. கலை, சமூக அறிவியல், மொழிப் பாடங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பெயரிலும், அறிவியல் பாடங்களுக்கு அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆரோடு இணைந்தும் நடத்தப்படும் இத்தேர்வில் மிக உயர்ந்த இடம் பெறுவோருக்கே இளநிலை ஆய்வு உதவித்தொகை, அதாவது ஆய்வாளர்கள் பேச்சில் ஜேஆர்எஃப், கிடைக்கும். அந்த வாசல் எவ்வளவு குறுகியது என்பதற்கு 2024-ஆம் ஆண்டு ஜூன் பருவத்து யுஜிசி-நெட் முடிவே சான்று. தேர்வெழுதிய 6,84,224 பேரில் ஜேஆர்எஃப் பெற்றவர்கள் 4,970 பேர்; ஆயிரத்துக்கு ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அதே தேர்வில் 1,12,070 பேர் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். அந்த ஆண்டுமுதல் நெட் மதிப்பெண்ணையே சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு வந்ததால் உண்டான புதிய வகை இது. சேர்க்கைக்கான வாசல் இப்படி அகலமாகத் திறந்துவிடப்பட்ட அதே வேளையில், பணத்துக்கான வாசல் முன்பிருந்த அளவிலேயே நின்றது.

ஜேஆர்எஃப் பெற்றவருக்கும் பணம் உடனே வந்துவிடுவதில்லை. தகுதிக் கடிதம் செல்லுபடியாகும் காலத்துக்குள் காலியிடம் உள்ள ஒரு நெறியாளரைக் கண்டுபிடித்து முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்தால்தான், சேர்ந்த நாளிலிருந்து உதவித்தொகை தொடங்கும். முனைவர் பட்டத்துக்கான மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கும் துறைகளில் இந்த எண்ணிக்கை எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கையில் உதவித்தொகைக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக நெறியாளரைத் தேடி அலைபவர்களும், நெறியாளர் கிடைத்து உதவித்தொகை கிடைக்காதவர்களும் ஒரே காலத்தில் இருப்பது இந்த ஏற்பாட்டுக்கே உரிய விநோதம்.

சேர்ந்தபின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அதன்பின் வெளி வல்லுநர் ஒருவரையும் உள்ளடக்கிய குழு ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிட்டு மனநிறைவு அடைந்தால், முதுநிலை நிலைக்கு, அதாவது எஸ்ஆர்எஃப் ஆக, உயர்த்தப்பட்டு மாதம் 42,000 ரூபாய். மொத்தக் காலம் ஐந்து ஆண்டுகள். வாடகைப்படி ஊரைப் பொறுத்தது: சென்னையில் இருப்பவருக்கு அதிகம், கோவை, மதுரை, திருச்சி, சேலம் போன்ற நகரங்களில் அதைவிடக் குறைவு, காரைக்குடி, சிதம்பரம் போன்ற ஊர்களில் அதனினும் குறைவு, விடுதி அறை பெற்றவருக்கு அது இல்லை. புத்தகம், களப்பணிப் பயணம், வேதிப்பொருள், தட்டச்சு ஆகியவற்றுக்கென ‘கண்டின்ஜென்சி’ என்ற பெயரில் ஆண்டுக்கொரு தொகை உண்டு. கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 10,000 ரூபாய், பின்னர் 20,500 ரூபாய். மாத உதவித்தொகை பலமுறை உயர்ந்தபோதும் இந்தத் தொகை அப்படியே கிடக்கிறது. கல்வெட்டுகளைப் படியெடுக்க மாவட்டம் மாவட்டமாகச் சுற்றும் ஒருவருக்கோ, கடலோரக் கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கி விவரம் சேகரிக்கும் ஒருவருக்கோ பத்தாயிரம் ரூபாய் எத்தனை பயணங்களுக்குப் போதும் என்பதை இதை நிர்ணயித்தவர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்களா என்ற ஐயம் எழாமல் இல்லை.

உதவித்தொகையின் அளவு எப்படி உயர்கிறது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். 2010-இல் 16,000 ரூபாயாக இருந்த ஜேஆர்எஃப், 2014-இல் 25,000 ஆகவும், 2019-இல் 31,000 ஆகவும், 2023-இல் 37,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஏறக்குறைய நான்காண்டுக்கு ஒருமுறை உயர்வு வருவதைப் பார்த்தால் ஒரு விதி இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அப்படி ஒரு விதி இல்லை. உயர்வுக்கு முன் ஆய்வாளர்கள் நாடெங்கும் கோரிக்கை அட்டைகளுடன் நிறுவன வாயில்களில் நிற்பதும், மனுக்கள் கொடுப்பதும், பின்னர் கேட்டதைவிடக் குறைந்த ஒரு தொகை அறிவிக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டன. விழுக்காட்டில் பார்த்தால் 2014-இல் 56, 2019-இல் 24, 2023-இல் 19 என ஒவ்வொரு முறையும் உயர்வு சுருங்கி வந்திருக்கிறது.

விலைவாசியோடு ஒப்பிட்டால் சித்திரம் இன்னும் தெளிவாகும். அரசு ஊழியருக்கு ஆண்டில் இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. ஆய்வு உதவித்தொகைக்கு அகவிலைப்படி கிடையாது. 2010 ஏப்ரலில் மத்திய ஊதிய விகிதப்படி புதிதாகப் பணியில் சேரும் உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் தர ஊதியத்தையும் சேர்த்து 21,600 ரூபாய். அன்றைய 35 விழுக்காடு அகவிலைப்படியுடன் அது 29,160. அப்போதைய ஜேஆர்எஃப் தொகையான 16,000 அதில் ஏறத்தாழ 55 விழுக்காடு. 2023 ஜனவரியில் தொடக்க ஊதியம் 57,700, அகவிலைப்படி 42 விழுக்காடு, ஆக மொத்தம் 81,934 ரூபாய். அதே மாதத்திலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய ஜேஆர்எஃப் தொகை அதில் 45 விழுக்காடு. 2025 ஜனவரியில் அகவிலைப்படி 55 விழுக்காடானபோது, அதே 37,000 ரூபாய் 41 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. ஒரே துறையில், ஒரே பாடத்தில், பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருக்கும் இருவருக்கிடையே இடைவெளி இப்படி ஓசையில்லாமல் அகன்றிருக்கிறது. எவரும் எதையும் வெட்டவில்லை. உயர்த்த வேண்டிய நேரத்தில் உயர்த்தவில்லை, அவ்வளவுதான்.

அறிவிப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் இடையே உள்ள தூரம் இன்னொரு செய்தி. 2023-ஆம் ஆண்டு உயர்வுக்கான ஆணையை அறிவியல் தொழில்நுட்பத் துறை ஜூன் மாதம் வெளியிட்டது. ஜனவரி முதல் நாளிலிருந்து முன்தேதியிட்டு அது செல்லும் என்றது. பல்கலைக்கழக மானியக் குழு அதைத் தன் உதவித்தொகைகளுக்கு ஏற்றுக்கொண்டது செப்டம்பரில்தான். வழக்கமான மாதங்களிலும் பணம் தானாக வருவதில்லை. கனரா வங்கியின் இணையதளத்தில் மாதந்தோறும் பல்கலைக்கழகத்தின் ஊழியர் ஒருவர் ஆய்வாளரின் பெயரை உறுதிசெய்து பதிவிட வேண்டும். வேறோர் அலுவலர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும். முதலாமவர் விடுப்பில் போனாலும் சரி, இரண்டாமவர் மாற்றலாகிப் போனாலும் சரி, அந்த மாதம் பணம் வராது. தொடர்ச்சிச் சான்றிதழ், வாடகைப்படிச் சான்றிதழ், நிலை உயர்வுக்கான குழு அறிக்கை என ஒவ்வொன்றும் நெறியாளர், துறைத்தலைவர், பதிவாளர் என்று மூன்று கையொப்பங்களைத் தாண்டிப் போக வேண்டும். நிலுவைத் தொகை பின்னர் மொத்தமாக வந்துவிடுகிறது என்பார்கள். ஆனால் வீட்டுக்காரர் வாடகையை மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று காத்திருப்பதில்லை. ஆகவே சேமிப்பு உள்ள வீட்டிலிருந்து வந்தவர் தாமதத்தைத் தாங்குவார், முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர் கடன் வாங்குவார்.

இத்தகைய ஏற்பாடுகளின் சுமை எல்லார் மீதும் சமமாக விழவில்லை என்பதற்கு, சமூக நீதி நோக்கில் உருவான உதவித்தொகைகளின் அண்மைக் கால வரலாறே எடுத்துக்காட்டு. பட்டியல் சாதியினருக்கான தேசிய உதவித்தொகை 2005-06-இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது. பழங்குடியினருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கும், மவுலானா ஆசாத் பெயரில் சிறுபான்மையினருக்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் எல்லையைத் தொட முடியாமல் சில மதிப்பெண்களில் தவறியவர்கள் பலர் ஆய்வில் நிலைத்தது இத்திட்டங்களால்தான். 2022 அக்டோபரிலிருந்து பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோருக்கான உதவித்தொகைகளை வழங்கும் பொறுப்பு மானியக் குழுவிடமிருந்து எடுக்கப்பட்டு, அந்தந்தப் பிரிவினருக்கான நிதி, வளர்ச்சிக் கழகங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறுதொழிலுக்கும் சுயதொழிலுக்கும் கடன் கொடுக்க அமைக்கப்பட்ட கழகங்கள் அவை. அதே ஆண்டு டிசம்பரில், மற்றத் திட்டங்களோடு மேற்பொருந்துகிறது என்ற காரணத்தைச் சொல்லி மவுலானா ஆசாத் உதவித்தொகையை நிறுத்துவதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை பெற முடியாது என்பது ஏற்கெனவே விதியாக இருக்கும்போது, திட்டங்கள் மேற்பொருந்துவதால் யாருக்கு என்ன இழப்பு என்பது அந்த விளக்கத்தில் தெளிவாகவில்லை. கிறித்தவ, முஸ்லிம் மாணவர்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள தமிழ்நாட்டில் அவர்களுக்கு இன்னொரு திட்டத்தில் விண்ணப்பிக்க வழி உண்டு. அங்கே இடங்கள் அதற்கேற்ப உயர்ந்தால்தான் அந்த வழிக்குப் பொருள் இருக்கும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் எந்தத் தேர்வும் வெல்லாதவருக்கும் மாதம் 8,000 ரூபாய் கிடைக்கிறது. ‘நெட் அல்லாத உதவித்தொகை’ என்பது அதன் பெயர். 2015 அக்டோபரில் அதை நிறுத்த மானியக் குழு முடிவெடுத்தபோது, தில்லியில் உள்ள அதன் அலுவலக வாயிலை மாணவர்கள் இரவும் பகலும் முற்றுகையிட்டார்கள். முடிவு மறுஆய்வுக்குப் போனது, உதவித்தொகை தொடர்ந்தது. ஆனால் தொகை அன்றிருந்த 8,000 ரூபாயிலேயே நின்றுவிட்டது. அந்தப் போராட்டத்தில் எழுந்த மற்றொரு கோரிக்கை, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் இதை விரிவாக்க வேண்டும் என்பது. அது ஏற்கப்படவில்லை. இந்தியாவின் பெரும்பான்மை மாணவர்கள் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும்தான் என்பதை நினைவில் கொண்டால், இந்த மறுப்பின் அளவு விளங்கும்.

மறுகோடியில் பிரதமர் ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட இது, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டில் 75,000, கடைசி இரண்டு ஆண்டுகளில் 80,000 ரூபாயோடு, ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஆய்வுச் செலவுக்கும் தருகிறது. பெறுபவர் அருகில் உள்ள கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ வாரம் ஒரு நாள் பாடம் நடத்த வேண்டும் என்ற நிபந்தனை பாராட்டத்தக்கது. அதே ஐஐடி ஆய்வகத்தில், வாரத்துக்கு எட்டு மணிநேரம் ஆய்வக வகுப்புகளிலும் விடைத்தாள் திருத்தத்திலும் உதவிசெய்து அரைநேர உதவியாளராகத் தொகை பெறும் சக ஆய்வாளருக்கு 37,000 ரூபாய். இந்த உதவியாளர் முறையில் ஒரு நன்மை உண்டு: பணம் நிறுவனத்தின் வழியே வருவதால், சேர்ந்த நாளே அது உறுதி. சென்னையில் ஐஐடியின் சுற்றுச்சுவரைத் தாண்டி, எதிரே உள்ள மாநிலப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைந்தால் அந்த உறுதி மறைந்துவிடுகிறது.

தமிழ்நாடு அரசு தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்திருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோரில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு வழங்கும் ஊக்கத்தொகை, முன்பு ஆண்டுக்கு 50,000 ரூபாயாக இருந்து ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. மாதக் கணக்கில் அது எட்டாயிரத்துச் சொச்சம். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியே தேர்வு நடத்தித் தெரிவுசெய்யப்படுவோருக்கு மாதம் 25,000 ரூபாய் வழங்கும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டமும் அண்மையில் வந்திருக்கிறது. நெட் தேர்வின் சாயலில் மாநிலமே ஒரு வாசலைத் திறந்திருப்பது நல்லது. ஆயினும் இதுவும் ஆளைத் தெரிவுசெய்து கொடுக்கும் தேர்வுதானே தவிர, ஒரு துறை தான் சேர்க்கும் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் பொறுப்பேற்க வழிசெய்யும் நிதி அல்ல. பல்கலைக்கழகங்கள் தாமே கொடுத்துவந்த சிறிய ஆய்வு உதவித்தொகைகளோ, ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பணம் தேடும் நெருக்கடியில் முதலில் கைவைக்கப்படும் தலைப்புகளாகிவிட்டன.

இந்த வாசல்கள் எதிலும் நுழைய முடியாத அறிவியல் மாணவருக்கு மிஞ்சுவது ஆய்வுத் திட்டப் பணி. நெட் தேர்விலோ, பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்விலோ தேர்ச்சி பெற்றவருக்கு அங்கும் 37,000 ரூபாய் உண்டு. அத்தேர்ச்சி இல்லாமல் ‘புராஜெக்ட் அசோசியேட்’ என்ற பெயரில் திட்டத்தில் பணிபுரிபவருக்கு 30,000. தொகை மோசமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திட்டத்தின் காலம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். முனைவர் பட்டத்துக்கு ஆவது ஐந்து ஆண்டுகள். திட்டம் கேட்கும் வேலையும் ஆய்வேடு கேட்கும் வேலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நெறியாளரே முதலாளியும் ஆகிறார். ஆய்வேட்டில் கையொப்பமிடுபவரும் சம்பளப் பட்டியலில் கையொப்பமிடுபவரும் ஒருவரே எனும்போது, கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்ல எத்தனை ஆய்வாளர்களுக்குத் துணிவு வரும்? தமிழ், வரலாறு, மெய்யியல் போன்ற துறைகளில் இந்தக் கவலைக்கே இடமில்லை, ஏனெனில் அங்கு அத்தகைய திட்டங்கள் மிக அரிது.

ஆகவே பலர் பகுதிநேரப் பதிவை நாடுகிறார்கள். பணிபுரியும் நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று பெற்றால் 2022 ஒழுங்குமுறைகள் அதை அனுமதிக்கின்றன. அனுபவமுள்ள ஆசிரியர் தன் துறையில் ஆழமாக ஆராய விரும்பிப் பகுதிநேரமாகச் சேர்வது ஆரோக்கியமானது. வேறு வழியில்லாமல், வாரம் இருபது மணிநேரத்துக்கு மேல் வகுப்பெடுத்துவிட்டு, சனி ஞாயிறுகளில் தன் சொந்தப் பணத்தில் நூலகங்களுக்குப் பேருந்து ஏறுபவரின் பகுதிநேரம் வேறு வகையானது. இந்திய முனைவர் பட்டச் சேர்க்கை 2014-15-இல் 1.17 லட்சமாக இருந்து 2021-22-இல் 2.12 லட்சமாக உயர்ந்ததைக் கல்வி அமைச்சகத்தின் கணக்கெடுப்பு பெருமையோடு குறிப்பிடுகிறது. அதில் எத்தனை பேர் எந்த வழியில் சோறு உண்டு ஆராய்கிறார்கள் என்ற வரிசை அந்த அட்டவணையில் இல்லை.

உதவித்தொகை பெற்றவர்களுக்கும் கடைசியில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. விதிப்படி பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டுகள் வரை உண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டுகள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டுகள். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கென முழுக் காலத்தில் 240 நாள் விடுப்பும் உண்டு. உதவித்தொகையோ ஐந்தாம் ஆண்டு முடிவில் நின்றுவிடும். அதற்கு முன்பே ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டால் சமர்ப்பித்த நாளோடு நின்றுவிடும். நான்கரை ஆண்டுகளில் முடித்துக் கொடுப்பவர் ஆறு மாதத் தொகையாக, வாடகைப்படி நீங்கலாகவே இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் இழக்கிறார். நன்றாக உழைத்து விரைந்து முடிப்பவருக்கு இப்படியொரு அபராதம் விதித்துவிட்டு, ஆய்வாளர்கள் காலம் தாழ்த்துகிறார்கள் என்று குறைசொல்வதில் நியாயம் இல்லை. சமர்ப்பித்தபின் ஆய்வேடு புறத்தேர்வாளர்களிடம் சென்று, அவர்கள் அறிக்கை வந்து, வாய்மொழித் தேர்வு நடப்பதற்குள் பல மாதங்கள் கடக்கும். அந்த மாதங்களில் அவர் ஆய்வாளரும் அல்லர், முனைவரும் அல்லர். விடுதியில் இருந்தால் அறையையும் காலிசெய்ய வேண்டும்.

பட்டம் கையில் வந்தபின் பலர் முதலில் போய்ச் சேரும் இடம் அரசு கலை அறிவியல் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர் பணி. ஆய்வின் கடைசி மாதத்தில் 42,000 ரூபாய் பெற்றவர், முனைவர் என்ற பட்டத்தோடு அங்கே மாதம் 25,000 ரூபாய்க்குச் சேர்கிறார். அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதங்களுக்கு மட்டும்.